ஆலடிக்குளம் விலக்கை மூடுவார்களா?

சாம்பார் ஒழுகியதால்தான் அரசாங்கம் தன் திட்டத்தைத் தானே எதிர்த்துத் தெருத்தெருவாகப் பேச நேர்ந்தது. ஒழுகவிட்டவன் நான்.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் என் குரல்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காலமானார், காணவில்லை, எல்லாம் நானே. வீட்டுப் பின்னறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்வேன். பெயர் டார்லின். அப்பா என்ன நினைத்து வைத்தாரோ, ஐம்பது வயதாகியும் ஃபோனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆண்களுக்குக் கூச்சம். பெண்களுக்கு அதைவிடக் கூச்சம். அதனால் ஊருக்கு நான் மைக் அண்ணாச்சி.

கன்னியாகுமரிக்குப் போகும் நாலுவழிச் சாலையை ஆறுவழியாக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆக்குவதற்குப் பணம் இல்லை என்றும் கூடவே பேச்சு வந்தது. அதற்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். புதிதாகச் சேரும் இரண்டு தடமும் நடுவில் வரும். ஒரு கம்பெனி தன் முதலைப் போட்டுச் சாலையை அமைத்துத் தரும். பதிலுக்கு அந்த நடுத்தடத்தில் போகிறவர்களிடம் முப்பது வருஷம் கட்டணம் வாங்கிக்கொள்ளும். வேகமாகப் போக வேண்டியவன் கட்டிவிட்டு நடுவில் போகலாம். மற்றவர்கள் இப்போது போலவே ஓரத்தில் போகலாம். வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

கூட்டத்துக்கு வரச்சொல்லித் திட்ட அலுவலகம் அறிவிப்புக் கொடுத்தது. என் குரல். அந்தத் திட்டத்தை எதிர்க்கத் திரண்டு வரச்சொல்லிச் சாலை உரிமைக் குழுவும் அறிவிப்புக் கொடுத்தது. அதுவும் என் குரல். எங்கள் தொழிலில் இது குற்றமில்லை. தேர்தல் சமயத்தில் ஒரே வேட்பாளரைக் காலையில் ஏசியும் மதியம் வாழ்த்தியும் பேசியிருக்கிறேன். அவரே இரண்டையும் கேட்டுவிட்டு ஃபோன் போட்டு, "காலைல பேசுனதுதான் நல்லாருந்துச்சு வே" என்றார்.

அறிவிப்பு இரண்டும் இரண்டு பென் டிரைவில் இருந்தன. ஒரே கடையில் வாங்கியவை, ஒரே கறுப்பு. அடையாளத்துக்காக அரசாங்கத்துடையதில் மட்டும் ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தேன். புதன்கிழமை காலை இரண்டு ஆட்டோவையும் அனுப்ப வேண்டும். ஒன்று தாவூதுடையது, இன்னொன்று அவர் மச்சானுடையது. நானும் தாவூதும் முதலில் ஆலடிக்குளம் விலக்கில் என் அக்கா சாலோமி கடையில் சாப்பிடப் போனோம்.

நாலுவழிச் சாலையிலிருந்து ஆலடிக்குளத்துக்குப் பிரிகிற இடம்தான் விலக்கு. நடுத்திட்டில் ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். ஊர் கிழக்கே, அக்காவின் இட்லிக்கடை மேற்கே. அத்தான் இறந்த வருஷம் ஒரே அடுப்போடு ஆரம்பித்த கடை. வாழைத்தார் ஏற்றப் போகிறவர்கள், கல்லூரிக்குப் பஸ் பிடிக்கிற பிள்ளைகள், வடக்கேயிருந்து வந்து அந்த இடைவெளியில் திரும்பி நிறுத்துகிற லாரிக்காரர்கள் என்று காலை முழுவதும் ஆள் இருக்கும். எல்லாரும் அந்த இடைவெளி வழியாக வருகிறவர்கள்.

அன்று அக்கா எனக்கு இட்லி வைக்கும்போதே கேட்டாள்.

"ஏலே, ரெண்டு பக்கத்துக்கும் நீதான கத்துத? உனக்குத் தெரியும்லா. புது ரோடு வந்தா இந்த விலக்க மூடுவானுவளா, மாட்டானுவளா?"

"எதுக்குக்கா கேக்க?"

"வள்ளியூர்ல அசன் மைதீன் அண்ணாச்சி கடையக் காலி பண்ணுதாரு. மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல. எனக்காவ வெள்ளிக்கிழம சாயந்தரம் வரைக்கும் வச்சிருக்கேன்னு சொல்லிருக்காரு. அதுக்கு மேலன்னா வேற ஆளுக்கு."

"போயிரேன். மார்க்கெட்டுன்னா கூட்டத்துக்குப் பஞ்சமா?"

"கடைக்கும் பஞ்சமில்ல. அங்கன ஏழெட்டுக் கட கெடக்கு. இங்கன என்னைய விட்டா ஆளில்ல. வழி இருக்கும்னா நான் எதுக்குலே போணும்? மூடிருவாங்கன்னா எதுக்குலே இருக்கணும்? அத மட்டும் கேட்டுச் சொல்லு. வேற ஒண்ணும் நான் உங்கிட்ட கேக்கல."

உண்மைதான். என் அக்கா என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அவள் அப்படிக் கேட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆனால் உடனே வாய் பேச ஆரம்பித்துவிடும்.

"அநேகமா மூட மாட்டாங்கக்கா."

"யாரு சொன்னா?"

"மேல பேசிருக்கேன்."

மேலே என்றால் யார் என்று எனக்கே தெரியாது. என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் பால் பண்ணையில் வேலை பார்க்கிறார். அவரைத் தவிர மேலே எனக்கு ஒருவரும் இல்லை. ஆனால் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். தாவூதின் வீட்டுக்கு ஒரு பார்சலும் கட்டிக் கொடுத்தாள்.

ஆட்டோவில் ஏறும்போது பார்சல் சாம்பாரின் முடிச்சு அவிழ்ந்து என் வேட்டியில் ஒழுகியது. அவசரத்துக்குச் சட்டைப் பையில் கை விட்டேன். எதிலோ சுற்றியிருந்த ரப்பர் பேண்டு அகப்பட்டது, உருவினேன். கட்டினேன். சாம்பார் நின்றுவிட்டது. "சமயோசிதம்" என்று தாவூதிடம் பெருமையாகச் சொன்னேன்.

பாளையங்கோட்டை வந்து பையைத் துழாவினால் இரண்டு பென் டிரைவும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

"எது வே கவர்மெண்டு?" என்றார் தாவூது.

இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வலது கையில் இருந்தது கொஞ்சம் கனமாகத் தோன்றியது. அரசாங்கம் என்றால் கனமாகத்தானே இருக்கும்? "இதுதான்" என்றேன்.

போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. ஒரே வாசகத்தை நாள் முழுக்கக் கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் முதலில் காதில் பஞ்சை வைத்துக்கொள்வார்கள், அப்புறம்தான் பென் டிரைவைச் செருகுவார்கள். தாவூதும் அவர் மச்சானும் பஞ்சை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள்.

இப்படியாக, அரசு முத்திரை போட்ட தட்டி கட்டிய ஆட்டோ, "நம்ம ரோட்டுல நடுவுல போக நாமளே காசு கட்டணுமா? சிந்திப்பீர்! எதிர்ப்பீர்!" என்று கொக்கிரகுளம் வரைக்கும் போய், அலுவலகங்கள் இருக்கிற தெருவிலெல்லாம் முழங்கியது. குழுவின் ஆட்டோ, "முன்னேற்றத்தின் நடுத்தடம்! முழுமனதோடு வரவேற்பீர்!" என்று குழுத் தலைவர் சுந்தர்ராமன் சாரின் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை நின்று சொல்லிவிட்டுப் போனது.

மதியம் வரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

முதல் ஃபோன் திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி.

"மிஸ்டர் டார்... மைக் அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்?"

"சார், நான் சவுண்டு பக்கம்."

அவர் சிரிக்கவில்லை. ரப்பர் பேண்டு, சாம்பார் எல்லாம் விளக்கினேன். எந்த அதிகாரியும் சாம்பாரை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசியில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மைக் செட்டை நான் இலவசமாகப் போட வேண்டும் என்று முடிவானது.

"சரி சார். ஒரே ஒரு கேள்வி. ஆலடிக்குளம் விலக்க மூடுவாங்களா? நீங்க சொல்லிட்டா அமெரிக்காவுக்கே கேக்குத மாதிரி ரெண்டு பாக்ஸு கூடுதலாப் போட்டுருதேன்."

"கூட்டத்துல கேளுங்க. அதுக்குத்தான் கூட்டம்."

வைத்துவிட்டார்.

அதன்பிறகு அன்று முழுவதும் என்னால் உட்கார முடியவில்லை. பதிவு அறையில் ஒரு காலமானாரை ஆரம்பித்து மூன்று முறை தப்பாகப் படித்தேன். அமைதியாக இறந்துபோன ஒரு மனிதரைத் 'திரண்டு வாரீர்' என்று சொல்லிவிட்டேன். அறையை விட்டு வெளியே வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வந்தேன். அக்கா ஒரு வார்த்தைதான் கேட்டாள். இல்லாத ஒன்றை இருக்கிறதாக அவளிடம் சொல்லிவிட்டேன். இனி அது இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்ததும் சுந்தர்ராமன் சார் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பாலாம்பாள் மாமி கதவைத் திறந்ததுமே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாராம்.

"உங்க ஆட்டோவே அந்த ரோட்ட வரவேற்கச் சொல்றதேன்னு மத்தியானம் தூங்கிண்டிருந்த இவர நான்தான் எழுப்பிச் சொன்னேன்" என்றார் மாமி.

சார் சிரிக்கிற நிலையில் இல்லை. "டார்லின், அவாகிட்ட ஏதாவது வாங்கிண்டேளா?"

"சார், அவங்களுக்கும் இதே மாதிரிதான் ஆச்சு. நியாயமா ரெண்டு பேருக்கும் சமமாக் கெடுத்துருக்கேன்."

"விளையாட்டில்ல இது. வண்டி வாங்கினா வரி, பெட்ரோல் போட்டா வரி, ஏற்கெனவே சுங்கச்சாவடி. இப்ப அதே ரோட்டுக்குள்ள இன்னொரு சுங்கம். காசுள்ளவன் நடுவுல பறப்பான், இல்லாதவன் ஓரத்துல டிராக்டர் பின்னாடி ஊர்ந்துண்டு போவான். ஒரே சாலைல ரெண்டு ஜாதி பண்றா."

எனக்கு அது முற்றிலும் சரியாகப் பட்டது. அவர் பேசினால் யாருக்கும் சரியாகப் படும்.

"சார், உங்க பக்கம் ஜெயிச்சிட்டா ஆலடிக்குளம் விலக்க மூட மாட்டாங்கதான?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் விவரம் டார்லின். நாம பேசறது கொள்கை. கொள்கை நிலைச்சா விவரம் தானா வரும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா சார்?"

மாமி காபியை நீட்டினார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அங்கிருந்து பேட்டைக்குப் போனேன். அங்கே தொழிற்பேட்டையில் தஸ்மியா பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். வாப்பா வைத்த பட்டறை, இவர் எடுத்து நடத்திப் பெரிதாக்கியது. நடுத்தடம் வேண்டும் என்று கேட்கிற தொழில்முனைவோரில் அவர்தான் பேச்சுக்காரர். கடைசல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அது எனக்குப் பழக்கம்.

"அண்ணே, அரசாங்கத்துக்கிட்ட காசு இருக்கா? இல்ல. கடன் வாங்கிப் போடட்டும்னா அதையும் நாமதான் கட்டணும், ரோட்டுல போகாதவங்களும் சேத்துக் கட்டணும். அதுக்கு, போறவன் கட்டட்டுமே! என் லாரி தூத்துக்குடிக் கப்பலுக்கு நேரத்துக்குப் போகலேன்னா சரக்கு திரும்பி வருது. நான் கட்டிட்டுப் போறேன். கட்டாதவங்கள யாரும் தடுக்கலையே? என்ன தப்பு சொல்லுங்க."

அதுவும் எனக்கு முற்றிலும் சரியாகப் பட்டது. இதுதான் என் வியாதி. எந்த வாசகத்தைக் கொடுத்தாலும் மனசாரப் படித்துவிடுவேன்.

"தப்பே இல்லம்மா. ஆனா நடுவுல அந்தத் தடம் வந்தா, ஆலடிக்குளம் விலக்குல ஆளுங்க எப்படிக் குறுக்கப் போவாங்க?"

"ஏதாச்சும் வழி வைப்பாங்கண்ணே. வைக்காம இருப்பாங்களா?"

"வைப்பாங்கன்னு தெரியுமா?"

"வைப்பாங்க, இன்ஷா அல்லாஹ்" என்றார். அது அவர் மனசாரச் சொன்னதுதான். ஆனால் அதை அசன் மைதீன் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல முடியாது. அவரும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

வெளியே தாவூது ஆட்டோவில் காத்திருந்தார். காதில் பஞ்சு இல்லை. இன்று அறிவிப்பும் இல்லை.

"என்ன வே சொன்னாவ?"

"ரெண்டு பேரும் நல்லாச் சொன்னாவ."

"விலக்கு?"

"அதத் தவிர எல்லாத்தையும் சொன்னாவ."

தாவூது வண்டியைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வே, நான் ஒண்ணு கேக்கட்டா? ஒமக்குத் தெரியாதுன்னு அக்காகிட்ட சொல்லிட்டா என்ன கொறஞ்சு போவும்?"

"நீரு ஓட்டும் வே" என்றேன்.

சாயங்காலம் அக்காவே ஃபோன் செய்தாள்.

"ஏலே, வள்ளியூர் அண்ணாச்சிக்கு வேண்டாம்னு சொல்லிரட்டா? நீதான் மூட மாட்டாங்கன்னுட்டியே. மனுசரு எனக்காவக் காத்துக் கெடக்காரு, பாவம்."

"நாளைக்குச் சொல்லுக்கா. கூட்டம் முடியட்டும்."

"ஏன்? மேல பேசிட்டேன்ன?"

"பேசுனது பேசுனதுதான். இருந்தாலும்..."

"டார்லினு." அவள் குரல் தணிந்தது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, அப்படித்தான?"

"ஹலோ? ஹலோ? அக்கா, கேக்கல. சிக்னலு இல்ல. ஹலோ?"

இருபது குழாய் கட்டி ஊருக்கே கேட்கவைக்கிறவன், தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, காது கேட்கவில்லை என்று ஃபோனை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனேன். முந்தின நாள் கல்யாணத்தின் அலங்காரம் அப்படியே இருந்தது. பிரிக்க ஆள் வரவில்லையாம். அதிகாரிகள் மணமக்களின் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் மயில்தோகை வளைவுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஃபோனில் என்னிடம் பேசிய அதிகாரி மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் வித்யாலக்ஷ்மி என்ற பொறியாளர், சின்ன வயசு. நான் மேடைக்கு ஓரமாக ஆம்ப்ளிஃபயரோடு நின்றேன்.

திட்ட விளக்கத்தை வித்யாலக்ஷ்மிதான் படித்தார். நான் இப்படிப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கும்போது கண் தாளை விட்டு மேலே வராது. நானும் அப்படித்தான். ஒருங்கிணைந்த, நீடித்த, பயனாளர் சார்ந்த என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் தொண்டை கட்டி இருமினார். நான் என் ஃபிளாஸ்க்கிலிருந்து சுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் கருத்து. சுந்தர்ராமன் சார் எழுந்ததும் பின்வரிசையில் கைதட்டல். தஸ்மியா எழுந்ததும் முன்வரிசையில் கைதட்டல். ஒரு வாழை விவசாயி எழுந்து, "ஓரத்தடம் இலவசம்ங்கீங்க, அது குண்டும் குழியுமா ஆயிருச்சுன்னா யாரு போடுவா? நடுவுல காசு வாங்குதவன் நடுவத்தான போடுவான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அது பதிவு செய்யப்பட்டது. இன்னொருவர் நடுத்தடத்தில் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் உண்டா என்று கேட்டார். அதுவும் பதிவு செய்யப்பட்டது. யாரோ ஒருத்தர், "முதல்ல பழைய டோலுக்குக் கணக்குக் காட்டுங்கய்யா!" என்று கத்த, யாரோ ஒருத்தர், "உம்ம கிட்ட காரே கெடையாது, நீரு எதுக்கு வே துள்ளுதீரு?" என்று பதில் கத்த, நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சத்தம் கூடினால் மைக்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கிரீச்சிடும். குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை, கையில் பை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மைக்குக்கு வந்தாள். நான் அதை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நான் ஆலடிக்குளம் விலக்குல இட்லிக்கட வச்சிருக்கேன். எனக்கு ரோடு அகலமாவட்டும், ஆவாம போட்டும். காசு வாங்குங்க, வாங்காம போங்க. அத இவ்வளவு படிச்சவங்க பேசுதீங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்த விலக்க மூடுவீங்களா, மாட்டீங்களா?"



"உங்க கருத்து பதிவு செய்யப்பட்டதும்மா" என்றார் அதிகாரி.

"இது கருத்தில்லய்யா. கேள்வி."

"கேள்வியும் பதிவு செய்யப்பட்டது."

சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். அக்கா சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பிறகு மைக்கை என் பக்கம் தள்ளினாள்.

"இவருதானா நீ பேசுன மேல?" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி கேட்டாள். மைக்கில் பாதி விழுந்தது. நான் குனிந்து மைக்கை மறுபடி பழைய உயரத்துக்கு ஏற்றினேன்.

கூட்டம் முடியும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சுந்தர்ராமன் சார் பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டே போனார். தஸ்மியா என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அதிகாரி மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து, "சவுண்டு நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வாசல் படியில் அக்கா உட்கார்ந்து மடியில் ஃபோனை வைத்துக்கொண்டிருந்தாள். வள்ளியூருக்குப் போட வேண்டும். என்ன சொல்லிப் போடுவது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்காரலாம் என்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஏதோ ஒயரை எடுக்க வந்தவன் மாதிரி திரும்பிவிட்டேன்.

மேடையில் வித்யாலக்ஷ்மி மட்டும் தன் மடிக்கணினியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நானும் என் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"தொண்ட எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல அண்ணாச்சி. சுக்குத் தண்ணி நல்லா இருந்துச்சு. தேங்க்ஸ்."

"நீங்க படிச்சதக் கேட்டேன். என் வேலைக்குப் போட்டியா வந்துருவீங்களோன்னு பயந்துட்டேன்." அவர் மரியாதைக்குச் சிரித்தார். "அந்த நடுத்தடத்துக்கு ஒரு அறிவிப்பு நானே இலவசமாப் பேசித் தாரேன், அதுக்குப் பதிலா..."

"அண்ணாச்சி, எல்லாம் இன்னும் வடிவமைப்பு நிலைலதான் இருக்கு. கருத்துகள் எல்லாத்தையும் தொகுத்து, அறிக்கையா..."

தாளை விட்டு மேலே வராத அதே கண். எங்களுக்கு நடுவில் மைக் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கின் பொத்தானை அணைத்தேன். பிறகு ஆம்ப்ளிஃபயருக்குப் போய் அதையும் அணைத்தேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மண்டபத்தில் அத்தனை நேரமும் ஒரு இரைச்சல் இருந்திருக்கிறது. அது நின்றபிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தேன்.

"அம்மா, வாசல்ல உக்காந்திருக்கது என் அக்கா. கட வைக்க வள்ளியூர்ல ஒரு எடம் இருக்கு. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சரிங்கணும், இல்ல வேண்டாங்கணும். மூட மாட்டாங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா சொன்னேன். அவ அத நம்பி வேண்டாம்னு சொல்லிரப் போறா."

வித்யாலக்ஷ்மி ஒயர் சுருட்டுவதை நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். அக்காவின் முதுகுதான் தெரிந்தது.

"காசு கட்டி உள்ள வர்றவன் எதுக்குக் கட்டுறான்? நிக்காம போறதுக்கு" என்றார். மெல்லிய குரல், தாளில்லாத குரல். "நடுவுல ஒரு எடத்துல ஆளும் வண்டியும் குறுக்க வந்தா அவன் நிக்கணும். நின்னா கட்ட மாட்டான். அவன் கட்டலேன்னா கம்பெனி காசு போடாது. கம்பெனி போடலேன்னா ரோடு கெடையாது. அதான் அண்ணாச்சி, காசு வாங்குற தடம்னு முடிவு பண்ணின அன்னிக்கே இதுவும் முடிவாயிருச்சு. யாரும் தனியா எழுதல. சுரங்கப்பாதை ஊர் பெருசா இருக்குற எடத்துல மட்டும்தான். ஆலடிக்குளத்துக்கு இல்ல. பக்கத்துல திரும்புறதுன்னா அஞ்சாறு கிலோமீட்டர் போகணும்."

"இன்னிக்கு இத்தன பேரு வேண்டாம்னு சொன்னாங்களே. மாறாதா?"

"கட்டணத்தக் கொஞ்சம் கொறைப்பாங்க. உள்ளூர் வண்டிக்குச் சலுகை குடுப்பாங்க. தடம் மாறாது."

"அப்ப விலக்கு?"

அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"மூடிருவோம் அண்ணாச்சி. வள்ளியூர்க் கடைக்குச் சரின்னு சொல்லச் சொல்லுங்க."